இருமலுக்குப் பயப்படும் பெண்கள்

சிறுநீர்க் கசிவுக்கு எந்த ஆபரேஷன், எப்போது, என்னென்ன கேட்ட பிறகு?

பாபநாசத்துக்குப் பக்கத்தில் திருக்கருகாவூர். கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் எந்த நாளில் போனாலும் பெண்கள் கூட்டம். பிள்ளை வரம் கேட்டு வந்தவர்கள் நெய்ப் பிரசாதம் வாங்குகிறார்கள். நிறைமாதக்காரிகள் சுகப்பிரசவத்துக்காக விளக்கெண்ணெய் வாங்கிப்போய் அடிவயிற்றில் தடவிக்கொள்கிறார்கள். கருவைக் காக்கவென்றே ஓர் அம்பாளை வைத்துக் கும்பிடுகிற மண் இது. ஆஸ்பத்திரியும் பின்தங்கிவிடவில்லை. தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு.

பிள்ளை பிறக்கும்வரை எல்லாரும் கூட இருக்கிறார்கள். பிறகு பத்து, இருபது வருஷம் கழித்து இருமினால், தும்மினால், ஒரு குடம் தண்ணீரைத் தூக்கினால் சேலை நனைகிறதே, அதை யாரிடம் சொல்வது? புருஷனிடம் சொல்வதில்லை, மகளிடமும் சொல்வதில்லை. சர்க்கரைக்கு மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாதாமாதம் போனாலும் டாக்டரிடம் இதை மட்டும் சொல்லாமல் திரும்புகிறவர்கள் உண்டு. "வயசானா எல்லாருக்கும் இப்படித்தான்" என்று மூத்தவர்கள் சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துபோகும்.

எல்லாருக்கும் இப்படி இல்லை. இதற்கு வைத்தியம் இருக்கிறது. பயிற்சியிலேயே பலருக்குக் கட்டுப்படும். அது போதாதவர்களுக்கு ஆபரேஷன் இருக்கிறது, அதிலும் ஒன்றுக்கு மேல் வழி இருக்கிறது. ஒவ்வொரு வழிக்கும் நன்மையும் உண்டு, உடம்பு கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. எது தனக்கு என்று தெரிந்து முடிவெடுக்கும் உரிமை அந்தப் பெண்ணுடையது. அதற்கு வேண்டிய விவரங்களை அவள் கையில் கொடுப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

வயலில் மறைத்துவைக்கும் தாகம்

மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தால் டெல்டாவில் குறுவை தொடங்கும். அதன்பின் சம்பா, தாளடி. அறுவடை மிஷின் வந்த பிறகு கதிர்க்கட்டைத் தலையில் சுமக்கிற வேலை பெருமளவு குறைந்துவிட்டது. நாற்றுப் பறிப்பதும் நடவும் களையெடுப்பும் இன்னும் பெரும்பாலும் பெண்கள் கையில்தான். காலையில் சேற்றில் இறங்கினால் மதியம்வரை குனிந்த முதுகு நிமிராது. ஒதுங்க இடம் இருக்காது. ஆகவே கசிவு உள்ளவள் ஒரு தந்திரம் கற்றுக்கொள்கிறாள்: தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது.

வெயிலில் நின்றுகொண்டு தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் கெட்டியாகும், கிருமித் தொற்று வரும், கல் உண்டாகவும் வழியாகும். தொற்று வந்தால் சிறுநீர்ப்பை எரிச்சல்பட்டுக் கசிவு இன்னும் கூடும். ஈரத்துணி உரசித் தொடையிடுக்கு புண்ணாகும். கல்யாணம், காதுகுத்து, நெடுந்தூர பஸ் பயணம் என்று ஒவ்வொன்றாக விட்டு ஒதுங்கிவிடுவாள். உயிருக்கு ஆபத்தில்லாத நோய்தான். ஆனால் ஒரு பெண்ணை வீட்டு மூலையில் உட்காரவைத்துவிடுகிற நோய்.

சேற்றில் புதையும் குழாய்

சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாய் பெண்களுக்கு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளம்தான். அதைக் கீழிருந்து தாங்குவது இடுப்புக்கூட்டின் அடியில் உள்ள தசையும் நார்த்திசுவும். இருமும்போது வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. அடித்தளம் உறுதியாக இருந்தால் அந்த அழுத்தமே குழாயைத் தளத்தோடு நசுக்கி மூடிவிடும். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர் ஜான் டிலான்சி 1994-ல் இதை விளக்கியபோது காட்டிய உதாரணம் நம் வயற்காட்டுக்கும் பொருந்தும். மோட்டார் தண்ணீர் ஓடும் ரப்பர் குழாயைக் கெட்டி வரப்பில் வைத்து மிதித்தால் தண்ணீர் நிற்கும். சேற்றில் கிடக்கும் குழாயை மிதித்தால் குழாய் புதையுமே தவிர தண்ணீர் நிற்காது.

தளம் தளர முதல் காரணம் பிரசவம். பெரிய தலை, நீண்ட நேர வலி, ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம் என்றால் சேதம் கூடுதல். சிசேரியனில் இது குறையும், அடியோடு இல்லாமல் போகாது. பத்து மாதச் சுமையே தளத்தைத் தளர்த்தும். பிறகு மாதவிடாய் நிற்பது, உடல் எடை, விறகடுப்புப் புகையில் விடாத இருமல், மலச்சிக்கலில் முக்குவது, பாரம் தூக்குவது. சிலருக்குத் தளம் சரியாக இருந்தும் குழாயை இறுக்கி மூடும் தசையே பலமிழந்திருக்கும். இந்த வேறுபாடு ஆபரேஷனைத் தேர்வு செய்யும்போது முக்கியம்.

எந்தக் கசிவு என்பது முதல் கேள்வி

இருமல், தும்மல், சிரிப்பு, பாரம் ஆகியவற்றோடு வருவது ஒருவகை. மருத்துவர்கள் இதை 'ஸ்ட்ரெஸ்' கசிவு என்பார்கள். மனக் கவலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வயிற்று அழுத்தத்தைத்தான் சொல்கிறார்கள். திடீரென்று அவசரம் முட்டி, கழிப்பறைக்குப் போகும் முன்பே போய்விடுவது இன்னொரு வகை. அதற்குப் பயிற்சியும் மாத்திரையும்தான் முதலில். இங்கே சொல்லப்போகும் ஆபரேஷன்கள் அதற்கானவை அல்ல. இரண்டும் கலந்தும் வரும். கலந்திருப்பவர் ஆபரேஷன் செய்துகொண்டால் இருமல் கசிவு நின்று, அவசரக் கசிவு அப்படியே இருக்கலாம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் "ஆபரேஷன் ஃபெயிலு" என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும்.

மூன்றாவது ஒன்று உண்டு. இரவு பகலென்று இல்லாமல் எந்நேரமும் ஒழுகிக்கொண்டே இருந்தால், கஷ்டமான பிரசவத்திலோ கர்ப்பப்பை ஆபரேஷனிலோ சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுந்திருக்கக்கூடும். அதற்கு வைத்தியமே வேறு. நாள் கடத்தாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வகையைக் கண்டுபிடிக்கப் பெரிய மிஷின் எப்போதும் வேண்டியதில்லை. சிறுநீர்ப் பரிசோதனை, சர்க்கரை, மூன்று நாள் எத்தனை முறை எவ்வளவு போகிறது என்ற குறிப்பு, சிறுநீர் கழித்த பின் பையில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஒரு ஸ்கேன், பை நிரம்பியிருக்கும்போது இருமச் சொல்லிப் பார்ப்பது: எளிய கசிவுக்கு இவையே போதும். 630 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2012-ல் வெளியான ஆய்வும் இதையே சொன்னது. யூரோடைனமிக்ஸ் என்ற அழுத்தப் பரிசோதனை, கலப்புக் கசிவு உள்ளவர்களுக்கும், முன்பே ஒரு ஆபரேஷன் தோற்றவர்களுக்கும், சிறுநீர் கழிக்கவே சிரமப்படுகிறவர்களுக்கும் தேவைப்படும்.

கர்ப்பப்பையை எடுத்தால் சரியாகாது

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். கசிவு என்று வாய் திறக்கிற பெண்ணுக்கு ஊரில் கிடைக்கிற முதல் ஆலோசனை, "பேசாம கர்ப்பப்பைய எடுத்துடு." கர்ப்பப்பையை எடுப்பது இந்தக் கசிவுக்கு வைத்தியமே அல்ல. சுவீடன் நாட்டில் கர்ப்பப்பை எடுக்கப்பட்ட 1,65,000-க்கும் மேற்பட்ட பெண்களை, எடுக்காதவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2007-ல் 'லான்செட்' இதழில் வந்தது. கர்ப்பப்பை எடுத்தவர்கள் பிற்பாடு கசிவுக்காக ஆபரேஷன் மேஜைக்கு வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. புற்றுநோய், கட்டுப்படாத ரத்தப்போக்கு போன்ற காரணங்களுக்காக எடுப்பது வேறு. கசிவுக்காக மட்டும் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடி (கர்ப்பப்பையோ யோனிச் சுவரோ) இறங்கியிருப்பவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு இறக்கத்தைச் சரிசெய்யும்போதே கசிவுக்கும் சேர்த்துச் செய்யலாமா என்று பேச வேண்டும். இறங்கிய சதை குழாயை மடக்கிக் கசிவை மறைத்துவைத்திருப்பதும் உண்டு. இறக்கத்தை மேலே ஏற்றிய பிறகு அதுவரை இல்லாத கசிவு வெளிப்படும்.

மூன்று மாதம், தினமும் மூன்று வேளை

அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-ல் வெளியிட்ட இடுப்புத்தளப் பயிற்சிதான் இன்றும் முதல் வைத்தியம். காற்றையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவதுபோல உள்ளே சுருக்கி மேலே இழுக்க வேண்டும். சில விநாடிகள் பிடித்து, விட வேண்டும். ஒரு வேளைக்கு எட்டு முறை, தினமும் மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். இங்கிலாந்தின் 'நைஸ்' வழிகாட்டுதல் சொல்லும் அளவு இது. மூச்சைப் பிடிக்கக் கூடாது, வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது. சரியான தசைதானா என்று பிசியோதெரபிஸ்டோ நர்ஸோ ஒருமுறை பார்த்துச் சொல்வது அவசியம். தவறான தசையை மூன்று மாதம் இறுக்கிவிட்டு "பயிற்சி பலிக்கலை" என்று வருகிறவர்கள் ஏராளம்.

நெதர்லாந்தில் 460 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2013-ல் வந்தது. பாதிப் பேருக்குப் பயிற்சி, பாதிப் பேருக்கு நேரே ஆபரேஷன். ஒரு வருடத்தில் பயிற்சிப் பிரிவில் 49 சதவீதம் பேர் கடைசியில் ஆபரேஷனுக்கு மாறினார்கள். முன்னேற்றம் உண்டு என்றவர்கள் ஆபரேஷன் பிரிவில் 90.8 சதவீதம், பயிற்சிப் பிரிவில் 64.4 சதவீதம். ஆபரேஷன் வலுவானது என்பதற்கு இந்த ஆய்வைக் காட்டுவார்கள், அது சரியே. அதே ஆய்வில் பயிற்சி தொடங்கியவர்களில் பாதிப் பேர் அந்த ஒரு வருடமும் கத்தியே இல்லாமல் கடந்தார்கள் என்பதையும் நான் சேர்த்துப் படிக்கிறேன். செலவில்லாத, பக்கவிளைவில்லாத ஒன்றை முயன்று பார்க்காமல் ஒரு பெண்ணை ஆபரேஷனுக்கு அனுப்புவது நியாயமில்லை. எடை குறைந்தாலும் கசிவு குறையும். ஆபரேஷன் வேண்டாதவர்கள் உள்ளே பொருத்திக்கொள்ளும் சிலிக்கான் வளையமும் இருக்கிறது.

ஆபரேஷன் என்றால் எது?

பயிற்சி செய்தும் பலனில்லை, கசிவு வாழ்க்கையைக் கெடுக்கிறது, இனிப் பிள்ளைப்பேறு வேண்டாம். இந்த மூன்றும் சேர்ந்தால் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம்.

பழைய முறை ஒன்றை முதலில் ஒதுக்கிவிடுவோம். யோனியின் முன்சுவரை மடித்துத் தைக்கும் தையல், அமெரிக்காவின் ஹோவர்டு கெல்லி பெயரோடு நூறு வருடங்களுக்கு மேலாக வருவது. தையல் போட்ட புதிதில் நன்றாக இருக்கும், நாளடைவில் தளர்ந்து கசிவு திரும்பும். 'நைஸ்' 2019-ல் கசிவுக்கு இதைச் செய்யக் கூடாது என்றே எழுதிவிட்டது. "உள்ளே ரெண்டு தையல் போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால், எந்தத் தையல் என்று கேளுங்கள்.

இன்றைக்கு நிற்பவற்றில் ஒன்று 'பர்ச்' ஆபரேஷன். ஜான் பர்ச் 1961-ல் வெளியிட்டது. சிறுநீர்ப்பைக் கழுத்தின் இருபுறமும் யோனிச் சுவரில் தையல் போட்டு, முன்னெலும்பின் பின்னால் உள்ள கெட்டியான தசைநாரில் கட்டித் தூக்கி நிறுத்துவார்கள். வயிற்றைத் திறந்தும் செய்யலாம், லேப்ராஸ்கோப்பிலும் செய்யலாம். செயற்கை வலை எதுவும் வேண்டாம். முன்பக்கம் தூக்கிக் கட்டுவதால் பிற்காலத்தில் பின்பக்கச் சுவர் இறங்கக்கூடும் என்பது இதன் குறை.

அடுத்தது, சொந்தத் திசுவாலேயே செய்யும் ஸ்லிங். அடிவயிற்றில் சிசேரியன் தழும்பு இருக்கும் இடத்தில் கீறி, வயிற்றுத் தசையை மூடியிருக்கும் உறுதியான உறையிலிருந்து ஒரு பட்டை எடுத்து, சிறுநீர்க் குழாய்க்கு அடியில் தொட்டிலாகக் கட்டுகிறார்கள். சொந்த உடம்புப் பொருள் என்பதால் உறுத்தி வெளியே வருகிற பயம் கிட்டத்தட்ட இல்லை. மூடும் தசை பலமிழந்தவர்களுக்கும், முதல் ஆபரேஷன் தோற்றவர்களுக்கும் ஏற்றது. 655 அமெரிக்கப் பெண்களில் இதையும் பர்ச்சையும் ஒப்பிட்ட ஆய்வு 2007-ல் வந்தது. இரண்டு வருடம் கழித்து ஸ்ட்ரெஸ் கசிவு நின்றது ஸ்லிங்கில் 66 சதவீதம் பேருக்கு, பர்ச்சில் 49 சதவீதம் பேருக்கு. ஆனால் சிறுநீர் கழிப்பதில் சிரமம் ஸ்லிங்கில் 14 சதவீதம், பர்ச்சில் 2 சதவீதம். இறுகக் கட்டினால் கசிவு நிற்கும், போவதும் கஷ்டமாகும். சிலர் கொஞ்ச காலம் தாங்களே டியூப் விட்டு எடுக்க வேண்டிவரும். இதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

சொந்தத் திசுவை எடுத்துக் கட்டும் யோசனை நம் நாட்டு மருத்துவர்களுக்குப் புதிதல்ல. கர்ப்பம் தங்காமல் கலைகிற பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயைக் கட்டும் முறையை 1955-ல் உலகுக்குச் சொன்ன பம்பாய் டாக்டர் ஷிரோத்கர், முதலில் பயன்படுத்தியது அந்தப் பெண்களின் தொடையிலிருந்து எடுத்த நார்ப்பட்டையைத்தான்.

மூன்றாவது, உலகம் முழுக்கப் பேசப்பட்டதும் சண்டை போடப்பட்டதும்: செயற்கை நாடா. சுவீடனின் உப்சாலாவில் உல்ஃப் உல்ம்ஸ்டன், ஆஸ்திரேலியாவின் பீட்டர் பெட்ரோஸோடு சேர்ந்து 1990-களில் உருவாக்கியது. பாலிப்ரோப்பிலீன் வலையால் ('மெஷ்') ஆன, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகல நாடா. யோனியில் ஒரு சிறு கீறல், அடிவயிற்றில் இரண்டு பொட்டுக் கீறல். குழாயின் நடுப்பகுதிக்கு அடியில் இழுக்காமல் தளர்வாக வைத்துவிடுவார்கள். அரைமணி நேர வேலை. பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம். வட ஐரோப்பாவில் 17 வருடம் கழித்துப் பரிசோதிக்கப்பட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு இருமினால் கசியவில்லை.

நாடா போகும் பாதை இரண்டு. ஒன்று முன்னெலும்புக்குப் பின்னால். இதில் ஊசி சிறுநீர்ப்பையைத் துளைத்துவிடாமல் இருக்கிறதா என்று கேமரா விட்டு அங்கேயே பார்த்தாக வேண்டும். மற்றது தொடையிடுக்கு வழி, 2001-ல் பிரான்சில் டெலார்ம் கொண்டுவந்தது. 597 பெண்களில் இரண்டையும் ஒப்பிட்ட 2010 ஆய்வில் பலன் ஏறக்குறைய சமம்: 80.8, 77.7 சதவீதம். ஆனால் காலில் மரத்துப்போதல், பலக்குறைவு போன்ற நரம்புத் தொல்லை முதல் வழியில் 4 சதவீதம், தொடையிடுக்கு வழியில் 9.4 சதவீதம். நாள் முழுக்கக் குனிந்து, சேற்றில் காலை ஊன்றி இழுத்து நடும் பெண்ணுக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை. அவள் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டுவிட்டே மருத்துவர் பாதையைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கட்சி.

நான்காவது, குழாயின் சுவரில் ஜெல்லை ஊசியால் ஏற்றிப் புடைக்கவைப்பது. மயக்க மருந்து தாங்காத வயதானவர்களுக்கு ஏற்றது. பலன் குறைவு, திரும்பத் திரும்பப் போட வேண்டிவரும்.

மெஷ் பற்றிய பயம்

நாடா எப்போதும் ஒழுங்காக இருந்துவிடுவதில்லை. சிலருக்கு யோனிச் சுவரை அரித்துக்கொண்டு வெளியே தெரியும். சிலருக்குத் தீராத வலி, தாம்பத்தியத்தில் வேதனை. திசுவோடு பின்னிப்போய்விடுவதால் முழுவதும் எடுப்பது கடினம். இங்கிலாந்து 2018 ஜூலையில் இதன் பயன்பாட்டை நிறுத்திவைத்தது. அங்கே இதையும் விசாரித்த பாரனெஸ் கம்பர்லெஜ் குழுவின் 2020 ஜூலை அறிக்கை, பாதிக்கப்பட்ட பெண்கள் வருடக்கணக்கில் சொல்லியும் காது கொடுப்பாரில்லை என்று பதிவு செய்தது. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2019 ஏப்ரலில் விற்பனையை நிறுத்தச் சொன்னது வேறொன்றை: அடி இறக்கத்துக்காக யோனி வழியாக வைக்கும் அகலமான வலையை. கசிவுக்கான குறுகிய நாடா அங்கே தொடர்கிறது, இந்தியாவிலும் பயன்பாட்டில் இருக்கிறது.

நாடாவை ஒரேயடியாக விஷம் என்பதும் தவறு, "சின்ன டேப்புதான்மா" என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவதும் தவறு. வைத்தால் வாழ்நாள் முழுக்க உடம்பிலேயே இருக்கும் பொருள் அது. எந்தக் கம்பெனி, என்ன மாடல் என்ற ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். நாடா இல்லாத வழியும் உண்டா, அதை இங்கே செய்வீர்களா, இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற மருத்துவரிடம் ஆபரேஷனைத் தள்ளிப்போடலாம். இது அவசர ஆபரேஷன் இல்லை.

மாசி, பங்குனிதான் நல்ல நேரம்

ஆபரேஷனுக்குப் பிறகு ஏறத்தாழ ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது, தாம்பத்தியமும் கூடாது. கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இதுதான் உண்மையான செலவு. சம்பா, தாளடி அறுப்பு முடிந்து குறுவை தொடங்கும்வரை வயலில் வேலை குறைவு. மாசி, பங்குனியில் செய்துகொண்டால் நடவுக்கு முன் உடம்பு தேறிவிடும். அந்த மாதங்களில் நூறு நாள் வேலைக்குப் போய் மண் சுமந்துவிடக் கூடாது. டாக்டர் சீட்டைக் காட்டி ஓய்வோ இலகுவான வேலையோ கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு சிறுநீர் போகாமல் நின்றாலோ, காய்ச்சல், ரத்தப்போக்கு, நாற்றமுள்ள வெள்ளை, தொடையில் வலி இருந்தாலோ, பிற்பாடு தாம்பத்தியத்தில் புருஷனுக்குக் குத்துவதுபோல் இருந்தாலோ மறுபரிசோதனைத் தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீடு தேடி வருகிறார்கள். இடுப்புத்தளப் பயிற்சியை அவர்கள் வேலையில் சேர்க்கப் புதிய கட்டடமோ மிஷினோ வேண்டாம். குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போட வரும் தாயிடம் கிராம சுகாதார செவிலியர் ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கட்டும்: "இருமினா கசியுதாம்மா?" சர்க்கரை மாத்திரை வாங்க வரும் ஐம்பது வயதுக்காரியிடமும் அதே கேள்வியைக் கேட்கட்டும்.

தஞ்சையில் இருப்பவர்கள் இராசா மிராசுதார் மருத்துவமனையின் மகளிர் பிரிவில் முதலில் காட்டலாம். தேவையென்றால் அங்கிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் யூராலஜி மருத்துவர்களிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தனியாரில் செய்வதானால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த ஆபரேஷனும் நாடாவின் விலையும் அடங்குமா என்பதை அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டுக் கவுன்டரில் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் அரசின் 104 எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.